பத்து வருடக் கெடுவும் ஒரு டர்போ எஞ்சினும்

சனிக்கிழமை மதியம் சிங்கப்பூரில் ஒர்க்‌ஷாப்கள் நிறைந்த காக்கி புக்கிட் ஆட்டோபே பக்கம் போனால் ஒரே மாதிரியான பேச்சு காதில் விழும். "ஸ்டேஜ் ஒன் போட்டுட்டேன் பிரதர், சும்மா பறக்குது." எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். இரண்டு கடை தள்ளி அதே மாடல் கார் ஒன்று பானட்டைத் திறந்துகொண்டு நிற்கும். அதன் சொந்தக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்தபடி, கூலன்ட் எங்கே கசிகிறது என்று குனிந்து தேடும் மெக்கானிக்கின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் ஆள் இரண்டாவது ஆளாக மாறுவதற்கு ரொம்ப நாள் பிடிப்பதில்லை.

நானும் எட்டு வருடமாக ஒரு 1.4 லிட்டர் டர்போ கார் வைத்திருக்கிறேன். வேலைக்கு, பிள்ளையைப் பள்ளியில் விட, ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மலேசியாவுக்கு. அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. வேகமாக ஓட்டிக் கெட்டுப்போன டர்போ காரை இந்த ஊரில் நான் அதிகம் பார்த்ததில்லை. சூட்டில் வெந்து கெட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே தினசரி ஓடும் காருக்கு "அப்கிரேட்" என்று பேச்செடுத்தால், என்ன செய்தால் சக்தி கூடும் என்று நான் கேட்பதில்லை. எங்கே சூடு சேர்கிறது, எங்கே காற்று ஒழுகுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி. நம் வாகன நிறுத்துமிடங்களில் இத்தனை டர்போ கார்கள் எப்படி வந்தன?

எஞ்சினிலிருந்து வீணாகப் போகும் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளலாம் என்ற யோசனை, அதாவது டர்போ, பழையது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சாலையில் ஓடும் கார்களில் அது 1962-ல் அமெரிக்காவில் எட்டிப் பார்த்தது. 1978-ல் வந்த சாப் 99 டர்போ அதைப் பிரபலமாக்கியது. ஆனாலும் ரொம்ப காலம் அது வேகப் பைத்தியங்களின் சமாச்சாரமாகவே இருந்தது. 2000களின் தொடக்கத்தில் இங்கே டர்போ கார் என்றால் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி இவோ. அதன் சத்தத்தைக் கேட்டாலே புளோக்கில் எந்த மாடிப் பையனுடையது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஐரோப்பாவில் புகை விதிகள் இறுகின. பெரிய எஞ்சினைச் சுருக்கி டர்போ வைத்துச் சக்தியை ஈடுகட்டுவது உற்பத்தியாளர்களின் வழக்கமாயிற்று. சிங்கப்பூருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது. பெட்ரோல் காரின் சாலை வரி இங்கே எஞ்சின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 1,395 சிசி எஞ்சினுக்கு ஆறு மாதத்துக்குச் சுமார் 311 வெள்ளி. 1,984 சிசிக்குச் சுமார் 597 வெள்ளி. 999 சிசி என்றால் 200 வெள்ளிக்கும் கொஞ்சம் கீழே. டர்போ வைத்த 1.4 லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின் அளவுக்கு இழுக்கும். ஆனால் வரி 1.4-க்குத்தான். கணக்குத் தெரிந்தவர் எதை வாங்குவார்?

பத்து வருடத்துக்குக் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇ-யிலும் இதே கதைதான். சிறிய கார்களுக்கான ஏ பிரிவு ஒரு காலத்தில் 1,600 சிசி வரை என்று மட்டும் இருந்தது. 1.6 லிட்டர் டர்போ வைத்த சொகுசுக் கார்களும் அந்த வாசல் வழியாகவே உள்ளே வந்தன. அதனால் 2014 பிப்ரவரியிலிருந்து இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: சக்தி 97 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது, அதாவது சுமார் 130 குதிரைத்திறன். உற்பத்தியாளர்கள் சளைக்கவில்லை. வெளிநாட்டில் 150 குதிரைத்திறன் தரும் எஞ்சின் குடும்பத்தையே மென்பொருளில் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, ஏ பிரிவுக்குள் நுழையும் அளவில் விற்றார்கள். நம் ஆட்களின் கை பரபரப்பதற்குக் காரணம் இதுதான். "உள்ளே இருக்கிறதைத்தானே வெளியே எடுக்கிறோம்" என்று, எஞ்சின் மென்பொருளை மாற்றி எழுதும் ரீமேப் கடைக்காரர் சொல்லும்போது அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கியர்பாக்ஸிடம் கேட்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது

சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பக்கம் கை சுடும். டர்போவிலும் நடப்பது அதுதான். 32 டிகிரி வெயிலில் உள்ளே வரும் காற்றை ஒரு பார் அளவுக்கு, அதாவது வெளிக் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்காக, அழுத்தினால் டர்போவை விட்டு அது வெளியேறும்போது 120 டிகிரியைத் தாண்டியிருக்கும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதைவிட மோசம், எஞ்சினுக்குள் பெட்ரோல் சொன்ன நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். இதைத்தான் நாக்கிங் என்கிறோம். எஞ்சின் கணினியான இசியு நாக் சென்சார் மூலம் இதைக் கேட்டு, தீப்பொறி விடும் நேரத்தைப் பின்தள்ளிவிடும். எஞ்சின் தப்பிக்கும், சக்தி குறையும்.

இன்டர்கூலர் அங்கேதான் வருகிறது. சூடான காற்றை எஞ்சினுக்குள் போவதற்கு முன் குளிர்விப்பது அதன் வேலை. விரைவுச்சாலையில் 90-ல் போகும்போது அது நன்றாகவே வேலை செய்யும். சாயங்காலம் ஆறரைக்கு பிஐஇ விரைவுச்சாலையில் நத்தை போல நகரும்போது அதன் மேல் படக் காற்று ஏது? போதாததற்கு ஏசியின் கண்டென்சர் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தன் பங்குக்குச் சூட்டைக் கொட்டும். இந்த ஊரில் ஏசியை நிறுத்தி ஓட்டுகிறவர் யார்? 10 டிகிரி குளிரில் ஓடும் காரைவிட நம் 32 டிகிரியில் ஓடும் காருக்குக் காற்றின் அடர்த்தியே சுமார் 7 விழுக்காடு குறைவு. ஐரோப்பாவில் சோதித்த ரீமேப் கணக்குகளை இங்கே அப்படியே நம்பக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

டர்போவின் புகைப்பக்கச் சக்கரம் 900 டிகிரிக்கு மேற்பட்ட புகையில் குளிக்கிறது. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்தத் தண்டைத் தாங்கிப் பிடிப்பது முடி அளவு தடிமன்கூட இல்லாத எஞ்சின் ஆயில் படலம். வேகமாக ஓட்டிவந்து சட்டென்று எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, தேங்கிய ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். பழைய டர்போ ஆட்கள் டைமர் வைத்து எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டது இதற்காகத்தான். இப்போதைய கார்களில் டர்போவைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. பல மாடல்களில் எஞ்சினை அணைத்த பிறகும் ஒரு மின்சாரப் பம்ப் கொஞ்ச நேரம் கூலன்டைச் சுழற்றும். நிறுத்துமிடத்தில் பூட்டிய காரிலிருந்து "ம்ம்ம்" என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பல மாடி நிறுத்துமிடத்தில் ஆறாவது தளத்துக்கு டயர் கீச்சிட ஏறி உடனே அணைக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் அதை விட்டுவிடுங்கள்.

ஆயில் என்கிற மலிவான காப்பீடு

குளிர்நாட்டுக்காரர்கள் எஞ்சினைச் சூடாக்குவது பற்றிப் பேசுவார்கள். நமக்கு அது தேவையில்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தவறு. காலையில் கிளம்பி ஐந்து நிமிடத்தில் டாஷ்போர்டு முள் 90-ஐக் காட்டும். அது கூலன்ட். ஆயில் அந்தச் சூட்டுக்கு வர கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் ஆகலாம். நம் பயணங்களோ குட்டையானவை. பள்ளிக்கு 3 கிலோமீட்டர், சந்தைக்கு 4 கிலோமீட்டர். ஆயில் முழுச் சூட்டுக்கு வராமலேயே வண்டி நின்றுவிடும். உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக வாய்ப்பே கிடைக்காது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீச்சும் எஞ்சின்களில் ஆயிலோடு பெட்ரோல் கலப்பது தெரிந்த பிரச்சினை.

பல ஐரோப்பியக் கார்களின் கையேடு 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று சொல்லும். அதே கையேட்டின் பின்பக்கத்தில் "கடினமான பயன்பாடு" என்று ஒரு பகுதி இருக்கும்: குட்டைப் பயணம், நின்று நின்று ஓட்டுதல், அதிக வெப்பம். படித்துப் பாருங்கள், சிங்கப்பூரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். நான் 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒர்க்‌ஷாப் அங்கிள் "உனக்குக் காசு ஜாஸ்தி" என்று சிரிப்பார். சிரிக்கட்டும்.

ஆயில் வாங்கும்போது 5டபிள்யூ-30 என்ற தடிமன் குறியை மட்டும் பார்த்தால் போதாது. டப்பாவின் பின்னால் உங்கள் கார் நிறுவனத்தின் அங்கீகார எண் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ஏபிஐ எஸ்பி என்ற தரக்குறி. இதற்கு ஒரு கதை உண்டு. சின்ன டர்போ எஞ்சின்கள் பெருகியபோது ஒரு விநோத நோய் தெரிந்தது. குறைந்த சுற்றில், அதிகப் பளுவில், பிஸ்டன் ஓரத்தில் தேங்கிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த ஒரு துளி முன்கூட்டியே பற்றிக்கொண்டு, ஒரே அடியில் பிஸ்டனையே உடைத்துவிடும். ஆயிலில் சுத்தத்துக்காகச் சேர்க்கும் கால்சியம் சேர்மங்களுக்கு இதில் பங்கு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கலவையை மாற்றினார்கள். 2018-ல் எஸ்என் பிளஸ், 2020 மே மாதத்தில் எஸ்பி என்று புதிய தரங்கள் வந்தன. ஆகவே எங்கோ தள்ளுபடியில் கிடைக்கிற பழைய தர ஆயில் டர்போவுக்கு மலிவு இல்லை. கியர் உயரமாக இருக்கும்போது 1,500 சுற்றில் காலை ஒரே அமுக்காக அமுக்குவதும் வேண்டாம்.

நேரடிப் பீச்சலுக்கு இன்னொரு பின்விளைவு உண்டு. முன்பெல்லாம் பெட்ரோல் வால்வின் முதுகில் தெளிக்கப்பட்டு அதைக் கழுவிக்கொண்டே போகும். இப்போது வால்வு பக்கமே பெட்ரோல் போவதில்லை. ஆயில் புகை மட்டும் போய்ப் படிந்து கரியாகிறது. காலையில் எஞ்சின் உதறும், இழுவை மந்தமாகும். அக்ரூட் கொட்டை ஓட்டைப் பொடித்துக் காற்றில் பீச்சி இந்தக் கரியை உரிக்கிறார்கள், வால்நட் பிளாஸ்டிங் என்று. பெட்ரோல் டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்து இந்தக் கரியைத் தொடவே முடியாது. அந்த வழியாக அது போவதே இல்லையே! இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் எத்தனை பாட்டில் ஊற்றினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

காற்று ஒழுகிய கதை

ஐந்தாவது வருடம். ஏயிஇ விரைவுச்சாலையில் நுழையும் இடத்தில் காலை அமுக்கினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுப் போகும். ஒரு கடையில் காட்டினேன். ஸ்பார்க் பிளக் நான்கும், காயில் நான்கும் மாற்றினார்கள். யோசனை நிற்கவில்லை. "டர்போ போகுது போல" என்றார்கள். புது டர்போவுக்குச் சொன்ன விலையில் குடும்பத்தோடு சென்னைக்குப் போய் வரலாம்.

நண்பர் ஒருவர் சொல்லி வேறொரு இடத்துக்குப் போனேன். மலேசியாவின் குளாய் நகரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் காஸ்வே பாலத்தைத் தாண்டி வரும் தம்பி ஒருவர் அங்கே வேலை பார்த்தார். கணினியைச் சொருகிப் பார்த்தார், இசியு கேட்கும் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஒன்று, கிடைக்கும் பூஸ்ட் வேறு. "அண்ணே, டர்போ நல்லாத்தான் இருக்கு. காத்து ஓடுது." குழாய்களுக்குள் புகையை அடைத்துச் சோதித்தார். இன்டர்கூலரிலிருந்து போகும் ரப்பர் குழாயில், கவ்வியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் வழியாக வெள்ளைப் புகை மெல்ல எழுந்தது. குழாயும் கூலியும் சேர்த்து 140 வெள்ளி.

ஐந்து வருடத்துக்கு மேலான டர்போ காரில் சக்தி குறைகிறது என்றால் முதலில் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் எஞ்சின் அறையின் சூட்டில் வெந்து வெந்து மொரமொரத்துப் போகும். காற்றுக் குழாய், டைவர்ட்டர் வால்வுக்குள் இருக்கும் சவ்வு, ஆயில் புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு, தெர்மோஸ்டாட்டின் பிளாஸ்டிக் கூடு, தண்ணீர் பம்ப். இவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். ஒழுகும் காரில் டர்போ இழந்த காற்றை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுழலும். அதனால் இன்னும் சூடு. அந்த நிலையில் மேலே ரீமேப் போட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான்.

சரி, சக்தி கூட்டியே ஆக வேண்டும் என்றால்

ஸ்டேஜ் ஒன், டூ, த்ரீ என்பதெல்லாம் சந்தை மொழி. யாரும் வகுத்த தரம் இல்லை. பொதுவாக, மென்பொருளை மட்டும் மாற்றினால் ஒன்று. டர்போவை அடுத்து வரும் டவுன்பைப் என்ற புகைக்குழாய், காற்று உள்ளே வரும் பாதை, இன்டர்கூலர் ஆகியவற்றையும் மாற்றினால் இரண்டு. டர்போவையே பெரிதாக்கினால் மூன்று.

ஸ்டேஜ் ஒன் கவர்ச்சியானது, ஏனென்றால் ஒரு திருகாணிகூடக் கழற்றாமல் அரை மணி நேரத்தில் கார் மாறிவிடும். இப்போது கியர்பாக்ஸ் கேள்விக்கு வருகிறேன். ஃபோக்ஸ்வாகனின் (விடபிள்யூ) 1.4 டிஎஸ்ஐ எஞ்சினோடு பல வருடம் வந்த டிக்யூ200 என்ற ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தாங்கும் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர் என்று வடிவமைத்தவர்களே வைத்திருக்கிறார்கள். அந்த எஞ்சினின் சக்தி கூடிய வகை, கடையிலிருந்து வரும்போதே 250-ஐத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ரீமேப் ஏற்றுவது யார் கணக்கில்? உலர் கிளட்சுக்கு ஆயில் குளிர்ச்சி கிடையாது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தாலே அது காயும். என் பழக்கம்: முன்னால் இரண்டு கார் இடம் விட்டு நிற்பேன், இடம் விழுந்த பிறகு ஒரே ஓட்டமாக நகர்வேன். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். அடித்துக்கொள்ளட்டும், கிளட்சுக்குப் பணம் கட்டப் போவது அவர்கள் இல்லையே. ஈர கிளட்ச் பெட்டி என்றால் அதன் ஆயிலை 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது நல்லது. "வாழ்நாள் ஆயில்" என்று சொல்வோர் யாருடைய வாழ்நாள் என்று சொல்வதில்லை.

இன்டர்கூலரைப் பெரிதாக்குவது சூட்டோடு நேரடியாகச் சண்டை போடும் வேலை என்பதால் எனக்குப் பிடித்த அப்கிரேட். ஆனால் எல்லாக் காருக்கும் அது பொருந்தாது. புதிய 1.4 டிஎஸ்ஐ போன்ற சில எஞ்சின்களில் இன்டர்கூலரே காற்று உள்ளிழுக்கும் பெட்டிக்குள் தண்ணீர்க் குளிர்ச்சியோடு உட்கார்ந்திருக்கிறது. முன்னால் பெரிய அலுமினியப் பலகை மாட்ட அங்கே இடமே இல்லை. அந்தக் கார்களில் கூலன்டைச் சரியாக வைத்திருப்பதும், ரேடியேட்டர் இடுக்கில் அடைத்த தூசியையும் பூச்சியையும் கழுவுவதும்தான் இன்டர்கூலர் அப்கிரேட்.

டவுன்பைப் மாற்றுகிறவர்கள் பலர் அதிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தூக்கி எறிகிறார்கள். புகை வடிகட்டியைக் கழற்றிய கார் சட்டப்படி சாலைக்கு வரவே கூடாது. பின்னால் வருபவர் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது வருடத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பத்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம், கார் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின நாள் பழைய குழாயை மாட்டி, மறுநாள் கழற்றி, இப்படி ஒவ்வொரு தடவையும் கூலி கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்கியிருக்கலாம்.

நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, முன்அனுமதி வேண்டியவை, கூடவே கூடாதவை. டர்போவை மாற்றுவது இரண்டாவது வகை. நைட்ரஸ் ஆக்சைடு மூன்றாவது வகை. கடைக்காரர் "எல்லாரும் போடுறாங்க" என்றால் அது அனுமதி ஆகாது. பிடிபட்டால் அபராதமும் சிறையும் சட்டத்தில் இருக்கின்றன, காரின் சொந்தக்காரருக்கும் சேர்த்து. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நாளில்தான் வெளியே வரும். அதைவிடத் தர்மசங்கடம் வேறில்லை.

உத்தரவாதம் பற்றி ஒரு நல்ல செய்தி பலருக்கு இன்னும் தெரியவில்லை. வெளியே சர்வீஸ் செய்தாலே உத்தரவாதம் போய்விடும் என்று விற்பனையாளர்கள் முன்பு நிபந்தனை வைத்திருந்தார்கள். போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டு 2017-ல் அந்த நிபந்தனைகளை எடுக்க வைத்தது. வெளிக் கடையின் வேலையால்தான் பழுது வந்தது என்றால் மட்டும் அவர்கள் மறுக்கலாம். ரீமேப் கதை வேறு. விடபிள்யூ குழுமக் கார்களில் மாற்றிய மென்பொருள் தெரியவந்தால் டிடி1 என்று ஒரு குறி தொழிற்சாலைக் கணக்கில் விழும். எஞ்சின், கியர்பாக்ஸ் உத்தரவாதத்துக்கு அதோடு முழுக்கு.

பெட்ரோலின் ஆக்டேன் எண் 98-ஆ 95-ஆ? பெட்ரோல் மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். குறைந்தபட்சம் 95 என்றால் 95 போடலாம். ஆனால் நம் வெயிலில் டர்போ எஞ்சின் நாக்கிங்கின் விளிம்பிலேயே ஓடுகிறது. 98 போட்டால் இசியு தீப்பொறியை அவ்வளவு பின்தள்ள வேண்டியதில்லை. சும்மா சந்தைக்குப் போகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. முழுக் குடும்பத்தோடு மேடேறுகிறவருக்குத் தெரியும். விலையில் ஒரு பங்கு வரிதான்: 2021 பிப்ரவரியில் தீர்வையை ஏற்றியபோது 95-க்கு லிட்டருக்கு 66 காசு, 98-க்கு 79 காசு என்று ஆனது.

ரீமேப்பை 98-க்கென்று எழுதிக்கொண்டவர்கள் காஸ்வேயைத் தாண்டும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மலேசியாவில் மானிய விலை ரான் 95 வெளிநாட்டு எண் கார்களுக்கு இல்லை. கிடைப்பது 97, சில நிலையங்களில் 100. சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் காரில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் கிளம்பும்போது நல்ல பெட்ரோல் நிறைய இருக்கும், திரும்பும்போதுதான் சிக்கல். கெந்திங் மலைக்கு நான்கு பேரும் பெட்டிகளும் ஏசியுமாக ஏறுவதுதான் டர்போவுக்கு உண்மையான பரீட்சை. தொடர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம் பூஸ்ட் குறையாமல் வேகம் மட்டும் குறைவாக இருக்கும், இன்டர்கூலருக்குக் காற்று கிடைக்காது. கியரைக் கையால் ஒன்று குறைத்து, சுற்றைக் கொஞ்சம் மேலே வைத்து ஏறுங்கள். இறங்கும்போதும் அதே கியர்.

இறங்குவது என்றதும் பிரேக் ஆயில் ஞாபகம் வருகிறது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடலாம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சில பத்து வெள்ளிதான் ஆகும். 20 குதிரைத்திறன் கூட்டச் செலவழிப்பதில் கால்வாசிகூட வராது. டயரும் அப்படித்தான். சட்டம் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்கிறது. டிசம்பர் மழையில் பிஐஇ-யில் தேங்கிய தண்ணீரைப் பார்த்த பிறகு 3 மில்லிமீட்டரிலேயே நான் மாற்றிவிடுகிறேன்.

பத்து வருடக் கடிகாரம்

வேறு நாட்டில் ஒரு பழுது வந்தால், "கார் இன்னும் எத்தனை வருடம் ஓடும்" என்பதைப் பொறுத்து முடிவெடுப்பார்கள். இங்கே தேதியே எழுதி வைத்திருக்கிறது. சிஓஇ பத்து வருடம். 2023 அக்டோபரில் ஏ பிரிவே 106,000 வெள்ளிக்குப் போயிற்று. அந்த விலையில் வாங்கியவருக்கு காரில் இருக்கும் இரும்பைவிடக் காகிதத்தின் மதிப்பு அதிகம். மூன்றாவது வருடத்தில் டர்போ போனால் மாற்றத்தான் வேண்டும், உத்தரவாதமும் கைகொடுக்கும். ஒன்பதாவது வருடத்தில் போனால்? சில ஆயிரம் வெள்ளி போட்டு மாற்றுவதா, முன்னதாகவே பதிவை நீக்கி மிச்சத் தொகையை வாங்கிக்கொள்வதா என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

சிஓஇ-யைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் கணக்கு மறுபடி மாறும். புதுப்பித்தால், பத்து வருடத்துக்குள் பதிவை நீக்கினால் கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடித் தொகையை இழக்கிறோம். பத்து வருடம் தாண்டிய காருக்குச் சாலை வரிக்கு மேல் கூடுதல் கட்டணம் 10 விழுக்காட்டில் தொடங்கி வருடாவருடம் ஏறி 50 விழுக்காடு வரை போகும். ஐந்து வருடத்துக்கு மட்டும் புதுப்பித்தால் அதற்கப்புறம் மறுபடி நீட்ட முடியாது. இவ்வளவுக்கும் சம்மதித்து வைத்துக்கொள்ளப் போகிற காருக்கு ஆறாம் ஏழாம் வருடத்திலேயே வால்வுக் கரி உரிப்பது, ரப்பர் குழாய்களை மொத்தமாக மாற்றுவது, கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் நியாயமான செலவு. பத்தில் விடப் போகிறவர் பெரிய செலவை எட்டாம் வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதன் பலனை அனுபவிக்கவாவது இரண்டு வருடம் வேண்டாமா?

என் காருக்கு இன்னும் இருபது மாதம் இருக்கிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேசி முடியவில்லை. மகன் போன வாரம்கூட, "அப்பா, ஸ்டேஜ் ஒன் போடலாம்ப்பா, 150 வரும்" என்றான். தீபாவளிக்கு ஈப்போவில் அக்கா வீட்டுக்குப் போகிறோம், அதற்குள் தண்ணீர் பம்பையும் தெர்மோஸ்டாட் கூட்டையும் பார்த்துவிட வேண்டும் என்றேன். குளாய் தம்பியிடம் போன் போட்டுக் கேட்டாயிற்று. வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார், எஞ்சின் ஆறியிருக்கும்போதே.